நாலு நாளைக்கு மட்டும்

நேற்றுக் காலை உம்முடைய வீட்டு மெயின் போர்டைச் சுவரிலிருந்து கழற்றினோம். வயர்மேன் செல்லத்துரை திருகுகளைத் திருப்ப, நான் கீழே நின்று பலகையைத் தாங்கிக்கொண்டேன். திருகுகளில் பாதி உப்புக்காற்றில் தலை கரைந்து, குறடால் பிடுங்க வேண்டியதாயிற்று. பலகைக்குப் பின்னாலிருந்து பழைய ரப்பரும் ஈர மரமும் சேர்ந்த வாடை அடித்தது.

அந்தப் பலகையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து, என் எலெக்ட்ரிக் கடை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உம்முடைய அப்பா காலத்துப் பியூஸ் கட்டைகள் விரிசல் விட்டிருக்கின்றன. செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. நடுவில், மின்சாரம் கசிந்தால் தானே கீழே விழுந்து வீட்டை அணைக்கிற, நான் விற்ற டிரிப் சுவிட்ச் மட்டும் பெட்டியில் இருந்து எடுத்ததுபோல வெள்ளையாக இருக்கிறது. நெம்புகோல் மேலே நிற்கிறது. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அதன் தலைக்கு மேலே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிற கம்பிகளைக் கவனித்தால்தான் தெரியும், மின்சாரம் அந்தச் சுவிட்சுக்குள் நுழையாமலே வீட்டுக்குள் போனது என்று.

நாம் பழகத் தொடங்கிய காலத்தில் நீர் உடன்குடிக் கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாக லாரியில் ஏற்றி வந்து டவுனில் இறக்குவீர். நான் அப்போது சைக்கிள் கேரியரில் பல்பு அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்கினவன். இரண்டு பேருக்கும் விற்கத் தெரியும், மற்றவன் சொல்கிற விலையை நம்பத் தெரியாது. அதனால்தான் ஒட்டிக்கொண்டோம். நான் என்ன சாமான் காட்டினாலும் நீர் ஒன்றுதான் கேட்பீர்: "இது தொந்தரவு குடுக்குமா வே?" தொந்தரவு தராமல் இருக்கிறதுதான் உம் கணக்கில் நல்ல சாமான்.

போன ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு வீட்டைப் புதுப்பித்தீர். ஊருக்குக் கிழக்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடு. வயரிங்கை முழுதாக மாற்றும், எர்த் குழியைப் புதிதாகத் தோண்டும் என்று சொன்னேன். வருகிறவர்கள் உட்காரும் முன்ஹாலுக்கும் மாடிக்கும் சரி என்றீர். அடுப்படி, குளியலறை, கிணற்றடி மோட்டார் எல்லாம் பின்கட்டு, அதை எவன் வந்து பார்க்கப் போகிறான் என்று விட்டுவிட்டீர். நான் வற்புறுத்தவில்லை. டிரிப் சுவிட்சாவது போடட்டும் என்று செல்லத்துரையிடம் கொடுத்தனுப்பினேன்.

போட்ட நாளிலிருந்து அது விழுந்துகொண்டே இருந்தது. சாயந்தரம் கடல்காற்று ஈரத்தோடு திரும்பினால் போதும், வீடே அணைந்துவிடும். பந்தக்கால் நட்ட அன்று போன் செய்தீர்.

"என்ன வே, நீரு குடுத்த சாமான் கரண்டு குடுக்க வந்ததா, புடுங்க வந்ததா? மாப்பிள்ள வீட்டுக்காரன் இருட்டுல உக்காந்திருக்கான்."

பின்கட்டுப் பழைய வயரில் எங்கேயோ மின்சாரம் கசிகிறது, அதைத்தான் அந்தச் சுவிட்ச் சொல்கிறது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். முப்பது வருடமாக இதை விற்கிறேன், தெரியாமல் என்ன? ஆனால் கல்யாண வீடு. பந்தலில் சீரியல் விளக்கு. நான் சொன்னேன்: "போன செல்லத்துரைட்ட குடும்." அவன் வாங்கியதும், "ஏலே, நாலு நாளைக்குச் சுவிட்ச ஒதுக்கிட்டு டைரக்டா போட்டு விடு. விசேஷம் முடியட்டும், பொறவு ஆள் அனுப்புதேன்."

கல்யாணம் முடிந்தது. நான் ஆள் அனுப்பவில்லை. ஒருமுறை நினைவுபடுத்தியபோது, மறுவீடு முடியட்டும் என்றீர். அதற்குப் பிறகு எனக்குக் கடையில் தீபாவளி வியாபாரம். உமக்கு விளக்கு அணையவில்லை. தொந்தரவு இல்லை. இரண்டு பேரும் மறந்துபோனோம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று கிணற்றடிக்குப் போனீர். மோட்டார்க் குழாயைப் பிடித்தீர். பியூஸ் போகவில்லை, ஒரு ஆளைக் கொல்லத் தேவையான மின்சாரம் பியூஸ் கம்பியைச் சூடாக்கக்கூடப் போதாது. கசிகிற மின்சாரத்தை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் கம்பியைப் பிறகு தோண்டிப் பார்த்தோம். மண்ணுக்குள் ஒரு முழம் வரை இருந்தது. அதற்குக் கீழே துரு மட்டும்தான்.

ஊர் செல்லத்துரையைக் குற்றம் சொன்னது. அவன் தொட்ட வீட்டில் ஆள் போய்விட்டது என்று யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் உம்முடைய சரக்குக் கிட்டங்கியிலேயே சிப்பம் தூக்கப் போனான். கடைசியில் நானே போய்க் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று.

"சொல்லி என்ன அண்ணாச்சி? நீங்க வாயால சொன்னீங்க. கம்பிய முறுக்குனது நான்தான."

போன வாரம் உம் வீட்டு மதினியிடம் உண்மையைச் சொன்னேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். செல்லத்துரை ஒழுங்காகச் செய்திருந்தால் என்று அவர்கள் ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, போனில் நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். கீரை ஆய்ந்த கை நின்றது. நீர் இருந்திருந்தால் ஏதாவது கேலி பேசி அந்த நிமிடத்தைக் கடத்தியிருப்பீர். எனக்குக் கடத்தத் தெரியவில்லை.

"அவியளுக்குத் தெரியுமா, அது டைரக்டுன்னு?"

உமக்குத் தெரியும் என்றேன்.

"ஒங்க மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது. தெனம் அந்த மோட்டாரப் போடுதது நான்தான, அண்ணாச்சி."

வீடு முழுக்க நானே மாற்றித் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்றேன். கீரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, இனாமாக வேண்டாம் என்றார்கள்.

கடைக்குத் தினமும் போன் வருகிறது. கடலோரத்து ஊர்களிலிருந்துதான் அதிகம். அண்ணாச்சி, சுவிட்ச் விழுந்துகிட்டே இருக்கு, டைரக்டா போட்டுக்கிடவா என்கிறார்கள். போடாதே, பழைய வயரைப் பார், எர்த்தைத் தோண்டு என்று சொல்கிறேன். உம்மைப் பற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தேன். சரி அண்ணாச்சி என்கிறான். போனை வைத்தபிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுக் கம்பியை முறுக்கிவிடுகிறான். அவன் வீட்டுச் சுவருக்குள் என் கை எட்டாது. நீர் கேட்டபோது எட்டியது. அன்றைக்கு நான் சொன்னது வேறு.

மதினியோடு பேசி முடித்தது இதுதான். சாமானுக்குப் பட்டியலில் உள்ள விலை. தள்ளுபடி என்ற பேச்சே கூடாது. வேலை செல்லத்துரையுடையது, ஊர் பார்க்க வாசல் வழியாகத்தான் அவன் வர வேண்டும். பின்கட்டில் தொடங்கி, முன்ஹால் கடைசி. எர்த் குழி தோண்டும்போது நான் கூட நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துவது மதினி. அழுத்தியதும் சுவிட்ச் விழவில்லை என்றால் வீடு இருட்டிலேயே கிடக்கும்; டைரக்ட் கிடையாது, ஒரு நாளைக்கும் கிடையாது.