அடும்பங்கொடி பிடுங்கிய சனிக்கிழமை

ஏப். 12, சனி
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. எட்டாம் வகுப்புத் தாள் பாதி திருத்தியாயிற்று. 'உயிர்களைக் காக்கும் இயற்கை அரண்கள் இரண்டு எழுதுக.' ஒருத்தன் எழுதியிருக்கிறான்: ஓசோன் படலம், போலீஸ். சிரித்துவிட்டுப் பாதி மார்க் போட்டேன்.

வாங்க: தோசை மாவு, சிவப்பு ரீஃபில், இவருக்கு பி.பி. மாத்திரை.

மதியம் இவர் கோவளத்திலிருந்து வந்தார். அடுத்த ஞாயிறு ஈஸ்டர் அதிகாலை ஆராதனை அந்தக் கடற்கரையில்தான். சபை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்திருக்கிறார். முகமெல்லாம் பெருமை. போனில் படம். பிளாஸ்டிக் மூட்டைகள். பக்கத்தில் பச்சையாக ஒரு குவியல். ஐயோ, அடும்பங்கொடி! வேரோடு.

"களை எல்லாத்தையும் பிடுங்கிட்டோம் கிரேஸ். அந்த மணல்மேடுதான் கடலை மறைக்குது. திங்கக்கிழமை ஜேசிபி வருது."

அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, மேடுதான் கடலைத் தடுக்கிறது, அதற்குப் பின்னால்தான் ஸ்டெல்லா வீடு என்றேன். ஸ்டெல்லா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவள். வருஷா வருஷம் ஆராதனைக்கு டீ போடுவதும் அவள்தான்.

"உன் பாடத்தை ஸ்கூல்ல வச்சுக்கோ. ஆண்டவர் காரியத்துல குறுக்க வராத."

மீதித் தாளை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன்.

ஏப். 13, ஞாயிறு
குருத்தோலை. ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொன்னேன். "கமிட்டி முடிவு பண்ணிட்டாங்களேம்மா. ஜெபம் பண்ணிக்கலாம்." ஜெபம் பண்ணினால் கொடி முளைக்குமா?

சாயங்காலம் ஸ்டெல்லாவுக்கு போன். எல்லாம் சொன்னேன். சிரிக்கிறாள். "இன்னா டீச்சர், சார் செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

ஏப். 20, ஞாயிறு
ஈஸ்டர். விடியலில் கோவளம். மேடு இல்லை. தரைமட்டம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சூரியன் வந்ததும் எல்லோரும் அல்லேலூயா. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நானும் பாடினேன். திரும்பினால் நேர் எதிரே ஸ்டெல்லா வீட்டு வாசல்.

டிச. 2, செவ்வாய்
விடாத மழை. பள்ளி லீவு. எங்கள் செம்பாக்கம் ஏரி ரோட்டைத் தொடுகிறது. மெழுகுவர்த்தி இருக்கிறது, பால் இல்லை. கடலில் சீற்றம் என்று டி.வி.யில் சொல்கிறார்கள். ஸ்டெல்லாவுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். இவர் டி.வி. முன்னால்.

"எடுத்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

டிச. 4, வியாழன்
மழை விட்டது. இரண்டு பேரும் கோவளம். ஸ்டெல்லா குடும்பம் மாதா கோயிலில் படுத்திருந்ததால் உயிர் தப்பியது. வீட்டுக்குள் கடல் வந்து போயிருக்கிறது. முன்சுவர் முழுக்கக் காணோம். கட்டில் மேல் மணல். மிக்ஸி பாதி புதைந்து கிடக்கிறது.

கொஞ்சம் தள்ளி, நாங்கள் கை வைக்காத மேடு அப்படியே இருக்கிறது, கொடியும் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லி என்ன.

அரிசிப் பையையும் போர்வையையும் நீட்டினார். "ஸ்டெல்லாம்மா, நாங்க..."

வாங்கிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சுவர் இருந்த இடத்தைக் கையால் காட்டினாள்.

"வர்ற ஈஸ்டருக்கு இங்கயே சேர் போட்டுக்கலாம் சார். கடலு நல்லா தெரியுது."