பன்னிரண்டு நாள் விவாகமாகாதவள்

03.06.2025, செவ்வாய்

உயர்தர நாடக வகுப்பில் ஒரு பழைய ஐரோப்பிய நாடகத்தை இன்று தொடங்கினேன். பதினொரு பேர். அடுத்த வருடம் சோதனை. கடைசிக் காட்சியில் மனைவி கணவனையும் வீட்டையும் விட்டுப் போகிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரூபன் கையை உயர்த்தினான். "டீச்சர், அவா எந்த பஸ்ஸிலை போறா? எங்கடை ரோட்டிலை ஆறு மணிக்குப் பிறகு ஒண்டும் இல்லையே."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

04.06.2025, புதன்

அரை நாள் லீவு போட்டு, இவருடன் விவாகப் பதிவாளரிடம் போனேன். கனடாவில் இருக்கும் இவருடைய அண்ணா கோகுலன் எங்களைக் குடும்பமாகக் கூப்பிடுகிறார். அதற்கு விவாகப் பதிவுத் துண்டு வேண்டும். எங்களிடம் இல்லை. 2008இல் யுத்தத்துக்குள் தாலி கட்டியபோது பதிவதற்கு அரசாங்கக் கந்தோரும் இல்லை, ஆளும் இல்லை. பிறகு அகதி முகாம், திரும்பி வந்து வீடு, பிள்ளை — ஒருவரும் கேட்கவுமில்லை.

பதிவாளர் படிவத்தை நிரப்பிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், குறை நினைக்காதேங்கோ. இதிலை விவாகமாகாதவர் எண்டுதான் போடவேணும். என்ரை புத்தகத்துக்கு உங்களுக்கு இன்னும் கலியாணம் நடக்கேல்லை."

பன்னிரண்டு நாள் கந்தோர் வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்குமாம். ஆட்சேபனை உள்ளவர்கள் வந்து சொல்லலாமாம். இருபதாம் தேதி வந்து கையெழுத்து வைக்கவேண்டும்.

மகள் பிரஷாந்தினிக்கு ஒரே சிரிப்பு. "அம்மா, நான் தோழிப் பெண்ணா வரட்டோ?"

நாற்பத்து நான்கு வயது. விவாகமாகாதவர். அந்தச் சொல்லின் கீழே கையெழுத்து வைக்கும்போது எனக்கு ஏன் அப்படி இலேசாக இருந்தது?

06.06.2025, வெள்ளி

வகுப்பில் சுதர்சினி அதிகம் பேசாத பிள்ளை. இன்று கேட்டாள்: "டீச்சர், அவாட்டை கலியாணத்துக்கு முதல் ஆரும் விருப்பம் கேட்டவையோ?"

தெரியவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து நாடகத்தை முதல் அங்கத்திலிருந்து திரும்ப வாசித்தேன். எங்குமே இல்லை.

08.06.2025, ஞாயிறு

எழுதியே வைக்கிறேன். 2008 மாசி. வீட்டுக்கு ஒருவர் என்று படைக்குப் பிடித்துக்கொண்டு போன நாட்கள். கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை உலாவியது. காலையில் இரண்டு வீட்டாரும் பேசினார்கள். பின்னேரம் மஞ்சள் துண்டு கோர்த்த கயிறு என் கழுத்தில். முந்தைய ஆவணியில் நடந்ததாகச் சொல்லும்படி எல்லோருக்கும் சொல்லிவைத்தார்கள். புதிதாகக் கட்டியது என்றால் நம்பமாட்டார்களாம். அந்தப் பொய்த் தேதியைத்தான் இன்றுவரை கலியாண நாள் என்று கொண்டாடுகிறோம். ஆவணியில் பாயாசம். மாசியில் ஒன்றுமில்லை.

இவர் கூடாதவர் இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதை எழுதாமல் விட்டால் அநியாயம்.

10.06.2025, செவ்வாய், போயா

பௌர்ணமி லீவு, பள்ளிக்கூடம் இல்லை. குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். இவர் விறாந்தையில் போனில் அண்ணாவிடம் சொன்னது கேட்டது: "ஓமண்ணை, தையிலை வரலாம். கமலா வேலையை விட்டிட்டு வருவா. அவாக்கு என்ன, ஓமெண்டுதான் சொல்லுவா."

தையில் என் பதினொரு பேருக்கும் பாடம் அரைவாசிதான் முடிந்திருக்கும்.

விரலை வெட்டிக்கொண்டேன். பெரிய காயமில்லை.

13.06.2025, வெள்ளி

ஆட்சேபனை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். அது நானாக இருந்தால்?

17.06.2025, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வயலுக்குத் தண்ணி திறக்கும் முறை பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவரை இடைமறித்து — "என்னட்டை ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களோ? கனடாவுக்கு வாறீரோ எண்டு? அதுக்கு முதல், உங்களைக் கட்ட எனக்கு விருப்பமோ எண்டு ஆரும் கேட்டவையோ?"

இவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.

"என்னட்டை ஆர் கேட்டது, கமலா? பிடிச்சுக்கொண்டு போடுவாங்கள் எண்டு நான் வைக்கல் போருக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தனான். அம்மா வந்து வேட்டியைத் தந்து, உடுத்துக்கொண்டு வா எண்டா. பொம்பிளை ஆர் எண்டு வழியிலைதான் சொன்னவை."

பதினேழு வருடத்தில் இதை இவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நாடகத்தின் மூன்று அங்கத்திலும் அவளை ஆர் கேட்டார்கள் என்றுதான் தேடினேன். அவனை ஆர் கேட்டார்கள் என்று தேடவில்லை.

ஆனாலும் விடவில்லை. "அப்ப ஆரும் கேக்கேல்லை. சரி. இப்ப கேக்க உங்களுக்கு ஆர் தடை?"

எழும்பி வயலுக்குப் போனார். தொப்பி கதிரையிலேயே கிடந்தது.

20.06.2025, வெள்ளி

போகவில்லை. காலையில், "நான் இண்டைக்கு வரேல்லை" என்றேன். இவர் பதிவாளருக்குப் போன் எடுத்து, பிறகு வாறம் என்றார். காரணம் சொல்லவில்லை.

வகுப்பில் கடைசிக் காட்சியைப் பிள்ளைகள் நடித்தார்கள். சுதர்சினிதான் மனைவி. கதவென்று பாவனை செய்த இடத்தைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்துவிட்டாள். பிரதியில் அப்படி இல்லை என்று ரூபன் சண்டை பிடித்தான். நான் திருத்தவில்லை.

24.06.2025, செவ்வாய்

சாப்பாடு, தண்ணி, பிள்ளையின் ரியூசன். வேறு கதை இல்லை.

29.06.2025, ஞாயிறு

பின்னேரம் இவர் வயலால் வந்து குசினி வாசலில் நின்றார். கால் முழுக்கச் சேறு. உள்ளே வரவில்லை.

"கமலா, ஒண்டு கேக்கவேணும்."

அடுப்பைக் குறைத்தேன்.

"அண்ணையைப் பொறுக்கச் சொல்லிப்போட்டன். கனடாக் கதை பிறகு. அதை நீரும் யோசியும். இது வேறை." தொண்டையைச் செருமினார். "என்னைக் கட்ட உமக்கு விருப்பமோ?"

நாற்பத்தாறு வயது மனிசன். காது நுனி சிவந்திருந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

"ஓம், ஆறுதலாச் சொல்லும். அந்த அறிவித்தல் மூண்டு மாதத்துக்குச் செல்லுமாம். விசாரிச்சனான்."

காலைக்கூடக் கழுவாமல் போய் விறாந்தைக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.