ஸ்டவ்வுக்கு வந்த கோளாறு

11-2-1968, ஞாயிறு

கரையான்சாவடி மஸ்தானின் பழைய சாமான் கடையிலிருந்து இவர் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சின்னதாக ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ். பட்டாளத்துக்காரர்கள் காட்டில் கூடாரம் அடிக்கும்போது வைத்துக்கொள்வதாம். காலை மடக்கலாம், தலையைக் கழற்றலாம். நாம் எந்தக் காட்டுக்குப் போகப்போகிறோம் என்று பிள்ளையைக் கேட்டார் அத்தை. இவர் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூந்தமல்லியில் இரண்டு அறை வீடு, ஒன்பது பேர். போன ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. இன்றுவரை நாங்கள் தனியாகப் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான். ஸ்டவ்வோடு மட்டும் கொஞ்சுகிறார்.

13-2, செவ்வாய்

கொல்லையில் பற்றவைத்தார். முதலில் ஸ்பிரிட்டில் தலையைச் சூடாக்க வேண்டும்; இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் அப்படியே பீய்ச்சும். எனக்கே தெரியும். அம்பத்தூர் கம்பெனியில் ஃபிட்டரான இவருக்கு அவசரம். மஞ்சள் தீ ஆள் உயரம் எழும்பிற்று. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். இவருக்குப் பாதி மீசையோடு போயிற்று — வேறு எதுவாவது ஆகியிருந்தால்?

“இனிமே இத்த ஊட்டாண்ட பத்த வெச்சே, கெணத்துல போட்ருவேன்” என்றார் அத்தை.

மீதி மீசையையும் இவர் எடுத்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

14-2

வீட்டில் என்ன துக்கம் என்று கம்பெனியில் எல்லோரும் விசாரித்தார்களாம்.

18-2, ஞாயிறு

வீட்டில்தானே கூடாது? அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றார். தீ எழும்பினால் அணைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

பம்ப் பிடிக்கவில்லை. கழற்றினால், தோல் வாஷர் அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. என் தலையில் எண்ணெய் வழிகிறது என்று கேலி செய்பவர், அதே தலையில் வாஷரைத் தேய்த்துக்கொண்டார். ஸ்பிரிட் எரிந்து அடங்கும்வரை அவர் கையை நான் விடவில்லை. பிறகு பம்ப் அடித்தோம். நீலமாக, புஸ்ஸென்று எரிந்தது.

டீ குடிக்கும்போது ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவ. உன்னாண்ட இன்னா பேசறதுன்னே தெர்லமே. பயமா கீது.”

ஆறு மாதமாகக் கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

3-3, ஞாயிறு

போன வாரம் நிப்பிளில் அடைப்பு. இந்த வாரம் வாஷரில் கசிவு. வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். ஸ்டவ் ஜோராக எரிகிறது.

17-3, ஞாயிறு

சைக்கிளை எடுக்கும்போது அத்தை கொல்லையில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டவ்வுக்கு அப்படி என்ன வியாதி, இங்கேயே பற்றவை, பார்க்கிறேன் என்றார்.

எரிந்துவிட்டால் ஏரிக்கரை போயிற்று. இவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஸ்பிரிட் எரிந்து அடங்கியதும், காற்றை வெளியே விடும் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டு பம்ப் அடித்தேன், அடித்தேன். காற்று நிற்குமா?

அத்தை கையை நீட்டித் திருகாணியை இறுக்கினார். அடுத்த நிமிஷம் நீலத் தீ.

எனக்குத் தலை நிமிரவில்லை. அத்தையும் தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க எரியுது. ஏரிக்கரைல காத்து ஜாஸ்தி. அங்க எரியுதான்னு பாத்துட்டு வாங்க. மெதுவாவே வாங்க.”

19-5, ஞாயிறு

நசரத்பேட்டைக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரே அறைதான்; நாங்கள் இரண்டே பேர். பார்த்துவைத்தது அத்தை.

மூன்று நாளாக மண்ணெண்ணெய் வாடை பட்டாலே எனக்குக் குமட்டுகிறது. எங்கேயோ கசிகிறது என்று இவர் காலையிலிருந்து ஸ்டவ்வைப் பிரித்துப் பாய் நிறையப் பரப்பிவைத்துக்கொண்டு தேடுகிறார். ஒவ்வொன்றாக மோந்து வேறு பார்க்கிறார்.

மத்தியானம் அத்தை கருவாட்டுக் குழம்போடு வந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பி வரும்போது அத்தை சொல்வது கேட்டது:

“அத்த மாட்டி வைடா பரந்தாமா. கோளாறு அதுல இல்ல.”