ஆண் செடி இல்லாத வருஷம்

ஏப்ரல் 4

என் பேத்தி இக்ராம் தெத்துவான் நகரத்தில் மருந்துப் படிப்பு, மூன்றாம் வருஷம். வகுப்பில் முன்வரிசை மார்க். அவள் தம்பி இலியாஸ் ஸ்பெயினில், அல்மேரியாவில் தக்காளிக் கூடாரத்தில் மேஸ்திரி ஆகிவிட்டான். சின்னது நூராவுக்குக் குர்ஆன் ஓதுவதில் பரிசு. இத்தனையும் இன்று கீழ்வீட்டுத் தாமுவிடம் சொன்னேன். "போன வாரமும் இதையேதான் சொன்ன. நடுவுல புதுசா எதுவும் ஜெயிக்கலையா?" என்கிறாள். பிள்ளை இல்லாதவள், வாய் மட்டும் இருக்கிறது.

சுவரில் இருக்கும் இக்ராம் படம் அடுப்புப் புகையில் மஞ்சளாகிவிட்டது.

என் மகன் மிமூன் கீழ் வயல் முழுக்கக் கர்தலா நட்டுவிட்டான். ஒட்டு ரகக் கஞ்சா. மேல் துண்டு மட்டும் எனக்கு. அதில் டப்பாவைத் தட்டி, இருந்த விதை எல்லாம் தூவி, நாட்டுச் செடி போட்டிருக்கிறேன்.

மே 19

முட்டி வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 8

கர்தலா அழகுதான், பொய் சொல்லக் கூடாது. குட்டையாக, தடித்து, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தொட்டால் எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் கையை விட்டுப் போகாது. நாட்டுச் செடி தருவதைப் போல மூன்று பங்கு பிசின் தருமாம். ஆனால் குடிக்கிறது, அப்பா, என்னமாய்க் குடிக்கிறது! நாட்டுச் செடி மழை பெய்தால் குடிக்கும், பெய்யாவிட்டால் பொறுக்கும். இதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் திறக்க வேண்டும். அதற்காக மிமூன் இன்னும் ஆழமாகப் போர் போட்டான். ஊரில் எல்லாரும் இதற்கு மாறியாச்சு. இக்ராமின் படிப்பும் இதில்தான் ஓடுகிறது. நான் என்ன பேச?

ஜூன் 15

என் தம்பி அல்லால் ஐம்பது வருஷமாக நீளக் குழலில் நாட்டுத் தூள் பிடிக்கிறவன். நாலு இழுப்பு இழுத்தால் பாடுவான், ஐந்தாவதில் தூங்குவான். நேற்று மிமூனின் சரக்கைப் பிடித்துப் பார்த்தான். கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, "அக்கா, மலை நடக்குது, நிறுத்தச் சொல்லு"ன்னு ஒரே அலறல். அவன் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மருமகள் ரிமோ, "மாமா, மலை நிக்கிது. நீங்கதான் நடக்கறீங்க" என்று மோர் கொடுத்தாள். சிரித்தேன். அப்புறம் மோர்க் கிண்ணத்தை அவனால் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

ஜூலை 2

"யம்மா, உன் ஆண் செடியெல்லாம் புடுங்கிடு" என்றான் மிமூன்.

"புடுங்கினா விதை எப்படிடா வரும்?"

"மேல இருந்து மகரந்தம் பறந்து வந்தா என் செடியெல்லாம் விதை புடிச்சிடும். விதை வெச்ச பூவை எவன் வாங்குவான்? கீழ இருக்கறதெல்லாம் கன்னிப் பொண்ணுங்க, ஆம்பள வாடை படக் கூடாது."

"நல்ல கன்னிமடம் கட்டியிருக்க, போ."

அவன் சிரிக்கவில்லை. இக்ராமுக்குக் கட்டணம் கட்டணும் என்றான். 

ஜூலை 4

புடுங்கிவிட்டேன். ஒன்று விடாமல். ஆடு தின்றது. என் மாமியார் கொடுத்த விதை — இந்த வருஷம் ஒரு மணி கூட மிஞ்சாது. 

ஜூலை 23

தாமுவின் ஊற்று வற்றிவிட்டது. எங்கள் போர் போட்ட பிறகுதான். அவள் அவரைக்கொடி எல்லாம் கருகல். வேலியோரம் வந்து நின்றாள்.

"உன் பேத்தி படிக்கறதுக்கு என் ஊத்தையா குடிக்கணும்?"

பொறாமைடி உனக்கு, பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் சொன்னேன்? அவள் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 27

பம்பு காற்றைத்தான் இழுக்கிறது.

செப்டம்பர் 20

கர்தலா பூவைப் பிரித்தால் உள்ளே விதை. கீழ் வயல் முழுக்க. மிமூன் என் முன்னால் வந்து நின்றான். "யம்மா, ஆண் செடி ஒண்ணையாவது விட்டியா? உண்மையைச் சொல்லு." பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? ரிமோதான் ஒரு செடியை வளைத்துக் காட்டினாள்: பெண் பூவுக்கு நடுவிலேயே மஞ்சளாய்ச் சின்னச் சின்ன ஆண் பூ. தண்ணீர் இல்லாத தவிப்பில் அந்தச் செடி தனக்குத் தானே ஆணாகவும் மாறிவிட்டது. சாகிறதுக்கு முன்னால் ஒரு பிள்ளை வேண்டும் அதற்கும்.

மிமூன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.  

அக்டோபர் 16

வாங்க வந்தவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு, பாதிக்கும் கீழே கேட்டான். கொடுத்தோம். இலியாஸ் அங்கிருந்து அனுப்புவதாகச் சொல்கிறான், இக்ராம் படிப்பு நிற்காது.

மார்ச் 2

குளிர்காலம் முழுக்க மழை சரியில்லை. மிமூன் தயங்கித் தயங்கி வந்தான். "யம்மா, இந்த வருஷம் நாட்டுச் செடியே போடலாம். விதை இருக்கா?"

டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன்.

கர்தலா விதை குவிந்து கிடக்கிறது. ஆனால் அது தாய் மாதிரி வராது. ஒரு வயிற்றில் பிறந்த ஏழும் ஏழு விதமாக முளைக்கும், தண்ணீருக்கும் அழும். நாட்டு விதை ஊரில் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அவள் துண்டு நிலத்தில் விடாமல் போடுகிறாள்.

எந்த முகத்தோடு போவது?

மார்ச் 5

போனேன். தாமு அவரைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. விதை வேண்டும் என்றேன். போரை மூடிவிட்டோம் என்றும் சொன்னேன்.

"தெரியும். ஊத்து கசிய ஆரம்பிச்சிருக்கு" என்றாள். உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் போட்டாள். கனமாக இருந்தது. என்ன தரணும் என்று கேட்டேன்.

"உன் பேத்தி படம் ஒண்ணு குடு."

"எதுக்குடி?"

"பனியில வழி அடைச்ச அன்னிக்கு அவ பொறந்து என் கையிலதான் விழுந்தா. ஊரெல்லாம் அவ பெருமையைச் சொல்ற, இதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல."

கஞ்சி குடித்துவிட்டு வந்தேன்.

இக்ராமுக்கு எழுதணும்: போனில் அனுப்பாதே, அது விரல் பட்டால் ஓடிவிடுகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்டு, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. ஒன்று போதும், எனக்குப் பழையதே இருக்கிறது. தாமு ஆணி அடித்து வைத்திருக்கிறாள், சீக்கிரம் போடு.