நல்ல நிறம்

திங்கள், நவம்பர் 3

மழை. எஸ்-பான் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது, காரணம் சொல்லவில்லை. இடது சப்பாத்துக்குள் தண்ணீர்.

இந்தக் கிழமை:
– சோதனைப் போன்களுக்கான பதில்களை வாங்கி முடிப்பது
– வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு என் பகுதி
– சப்பாத்து
– பல் வைத்தியரைப் பார்க்கத் தெர்மின் எடுப்பது (போன கிழமையும் இதையே எழுதினேன்)

எங்கள் அலுவலகம் செய்வதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தி முடியவில்லை. கடைக்கு இன்னும் வராத பொருளைச் சனங்களிடம் கொடுத்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறோம். "அதுக்கும் சம்பளம் தருவினமோ?" தருகிறார்கள். இந்த முறை ஒரு போன். முதுகில் தேத்தண்ணிக் கோப்பையின் அடி அளவுக்குக் கமரா. படம் எடுப்பதில் பைத்தியமானவர்கள் வாங்குவார்கள், அது தெரிந்ததுதான். தெரியாதது மற்றது: சாதாரண ஆள் கமராவுக்காக ஒரு போன் வாங்குவாரா?

ஹம்பேர்க்கில் தமிழ் வீடுகள் என் பொறுப்பு. தனியாகச் செய்யும் முதல் வேலை. கேள்விகளைத் தமிழில் எழுதியதும் நான்தான். அதில் கொஞ்சம் பெருமை, ஒளிப்பானேன்.

இதுவரை வந்த குறைகள்: பாரம். மேசையில் வைத்தால் ஆடுகிறது. காற்சட்டைப் பையில் துருத்துகிறது. வட்ஸ்அப் வேலை செய்யுமா என்று எல்லோரும் கேட்டார்கள். கமரா எப்படி என்று கேட்டால், "ஓம், நல்லது." அவ்வளவுதான்.

செவ்வாய், நவம்பர் 4

சிவம் அண்ணையைப் பார்சல் வானுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நான் போன் கொடுத்தவர்களில் ஒருவர், பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. நிற்க நேரமில்லை, நடந்துகொண்டே கதைத்தார்.

"தங்கச்சி, எனக்கு என்னத்துக்குக் கமரா? நான் என்ன கலியாண வீட்டில படமோ எடுக்கிறன்?"

போனை வாங்கிப் பார்த்தேன். முழுக்கப் படங்கள்! கதவுகள், படிக்கட்டுகள், கதவடியில் பெட்டிகள். ஆளில்லாத வீட்டில் வைத்த பெட்டிகளுக்கு அத்தாட்சியாம். ஒரு பெட்டியின் மேல் பூனை. அதை மட்டும் மூன்று கோணத்தில் எடுத்திருக்கிறார். கேட்டால் சிரிப்பு. கமரா வேண்டாத மனுசன்.

பின்னேரம் கார்த்திக்குடன் போனில். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, அவரிடமும் ஒரு போன். "படம் எப்படி?" என்று கேட்டேன்.

"படம் செமையா இருக்குங்க. நேத்து முழுப் படமும் பார்த்தேன், பேட்டரி இறங்கவே இல்ல."

அவருக்குப் படம் என்றால் சினிமா. எனக்குப் படம் என்றால் போட்டோ. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேறு வேறு விஷயம் கதைத்துக்கொண்டிருந்தோம். தமிழில் கேள்வி எழுதத் தெரியும் என்று மேலாளர் காத்ரினிடம் சொன்னவள் நான்.

சப்பாத்து வாங்கவில்லை. அறையைச் சூடாக்கும் வெதுப்பி இரைகிறது.

புதன், நவம்பர் 5

மழை விட்டது. அதைத் தவிர இன்றைக்கு நல்லதாக ஒன்றும் இல்லை.

காத்ரின் (கெட்டவள் இல்லை) சந்தோஷமாக வந்தாள். கமராவைப் பற்றி ஒருவழியாகத் தெளிவான பதில் ஒன்று கிடைத்திருக்கிறதாம், அதுவும் என் தமிழ்க் குழுவிடமிருந்து. இந்தப் போன் முகத்தை எடுத்தால் இரண்டு படம் வைக்கும். இடது பக்கம் எடுத்தபடி. வலது பக்கம் "மென்மை" என்று ஒன்று. அது முகத்தை வழவழப்பாக்கி வெளிறவைக்கும். எந்தப் படம் என்று கேட்டதற்கு மற்றக் குழுக்களில் பதில் பாதிக்குப் பாதி. தமிழர்கள் எல்லோரும் வலது. ஒருவர் விடாமல்.

உற்பத்தியாளர் பக்கத்துப் பொறியியலாளர், யான் என்று பெயர், திரையில் வந்து, அப்படியென்றால் சுலபம் என்றான். போனின் மொழியைத் தமிழ் என்று வைத்தால் "மென்மை" தானாகவே இயங்கும்படி செய்துவிடலாம். "அவர்களுக்கு அதுதானே பிடிக்கிறது." நல்ல மனதோடுதான் சொன்னான். வெள்ளிக்கிழமை முடிவு.

தமிழில் போனைத் திறக்கிற ஒவ்வொரு கறுத்தப் பிள்ளையையும் அது கேட்காமலே வெளுக்கும். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னைப் பார்த்து, "லட்சணமான பிள்ளை, நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்த மாமிமார் எல்லோரையும் பிடித்து ஒரு போனுக்குள் அடைத்தது போல. கோபம், ஆர் மேல் என்று தெரியாத கோபம். எங்கள் சனம் இவ்வளவுதானா?

வீட்டுக்கு வரும்போது எஸ்-பானில் பின் இருக்கையில் இரண்டு பேர், எங்கட ஆக்கள்:

"பொம்பிளையைப் பாத்தனீங்களோ?"

"இன்னும் இல்லை. நல்ல நிறமாம்."

நல்ல நிறம்!

இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறந்துவிட்டேன். ஜெர்மன் மொழியில் கேள்வி, எந்தப் படத்தில் வர்ணங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்பது. நான் எழுதியது: "எந்தப் படத்தில் நல்ல நிறம்?" எந்தத் தமிழரிடமும் போய் நல்ல நிறம் எது என்று கேட்டால் வெள்ளையைத்தான் காட்டுவார். பிடித்ததைக் காட்டவில்லை, சொல்லின் அர்த்தத்தைக் காட்டியிருக்கிறார்கள். விசரி. முழு விசரி.

வியாழன், நவம்பர் 6

சரியாக நித்திரை இல்லை. குளிர். திரும்ப எல்லோரையும் கேட்பது என்று முடிவு. காத்ரினுக்கு இன்னும் சொல்லவில்லை. புதுக் கேள்வி: "இரண்டில் எந்தப் படத்தை வைத்திருப்பீர்கள்?"

சிவம் அண்ணை உடனே இடது படத்தைத் தொட்டார். அப்படியென்றால் முதலில் ஏன் வலது?

"நீர் நல்ல நிறம் எது எண்டுதானே கேட்டனீர்? நல்ல நிறம் எண்டா வெள்ளைதானே. கேட்டதுக்குப் பதில் சொன்னன். மற்றப்படி உந்த வெள்ளைக்காரன் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

கார்த்திக்: "ஐயோ, யாரு ஃபேரா இருக்காங்கன்னு கேக்கறீங்கன்னு நினைச்சேன். வெச்சுக்கணும்னா லெஃப்ட்தான். ரைட்ல என் மீசையையே காணோம்."

மத்தியானத்துக்குள் எல்லோரும் இடது பக்கம் வந்துவிட்டார்கள். சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. மிச்சம் ஆனந்தி அக்கா.

ஆனந்தி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பெரும்பாலும் இரவுப் பணி. ஓய்வு நேரத்தில் பின்வாசலில் மேலங்கி போட்டுக்கொண்டு நின்றா. போனை நீட்டினேன். வலது படம். கேள்வியைத் திரும்பச் சொன்னேன். திரும்பவும் வலது.

"அக்கா, இது வெள்ளையாக்கின படம்."

"நிறத்தை ஆர் பிள்ளை பாத்தது? இதைப் பார். கண்ணுக்குக் கீழ ஒண்டும் இல்லை. நல்லா நித்திரை கொண்ட ஆள் மாதிரி இருக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பிறனான். ஊரில மனுசி அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாக்கும். முந்தின போன் படத்தைப் பாத்து ஒரே அழுகை, நான் அங்க சாகிறன் எண்டு. இதில அனுப்பினாப் பிறகு அழேல்லை."

பிறகு: "இது கடைக்கு எப்ப வரும்? நான் வாங்கிறன்."

பார்த்த தமிழ் வீடு எல்லாவற்றிலும் கமராவுக்காகப் போன் வாங்குகிறேன் என்று சொன்ன முதல் ஆள். குறித்துக்கொண்டேன். படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரியவில்லை.

கறிவேப்பிலை வாங்கினேன், ரயில் நிலையத்துக் கடையில். வாடல்.

வெள்ளி, நவம்பர் 7

வெயில், நம்ப முடியாமல். கூட்டம்.

சொல்லிவிட்டேன். கேள்வி பிழை, பிழை என்னுடையது, தமிழில் "நல்ல நிறம்" என்றால் இதுதான். காத்ரினின் முகம் சிவந்தது. "இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்." ஓம், தெரிந்திருக்க வேண்டும். யான் மட்டும் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தான், ஒரு சொல் இப்படி ஆட்டம் காட்டுமா என்று.

தமிழ் என்றால் தானாக வெளுக்கும் யோசனை செத்தது. அப்பாடா.

பிறகு ஆனந்தி அக்காவின் கதையையும் சொன்னேன், பெயர் சொல்லாமல். களைப்பை மட்டும் மறைத்து நிறத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். யான் தலையை ஆட்டினான். முடியாதாம். இந்த மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான், கருமையாக இருப்பதை வெளிச்சமாக்கும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் எது, தோல் எது என்று அதற்குத் தெரியாது.

அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஏறியது. என் நிறத்தையும் ஒரு மனுசியின் களைப்பையும் ஒரே அழுக்கு என்று நினைக்கும் இயந்திரம். அந்த நேரம் பார்த்து யான் கேட்டான்: வேண்டியவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளட்டும் என்று உள்ளே விடலாமா, அல்லது "மென்மை"யை முழுதாக எடுத்துவிடலாமா? மற்றக் குழுக்கள் பாதிக்குப் பாதி. உங்கள் குழுவை வைத்து முடிவெடுக்கிறோம்.

"எடுத்துவிடுங்கள்."

யோசிக்கவே இல்லை. காத்ரின் குறித்துக்கொண்டாள். யான் நன்றி சொன்னான். சரியான கமரா, உண்மையான முகம், இதையே விளம்பரத்தில் சொல்லலாம் என்றான்.

வென்றுவிட்டேன். கால் தரையில் நிற்கவில்லை, சந்தோஷத்தில் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. அலுமாரியை அடுக்கினேன். திரும்பக் கலைத்தேன். யானுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், "விருப்பத் தெரிவாக வைக்கலாமோ" என்று. அனுப்பவில்லை. ஏன் வைக்க வேண்டும்? இரவு முழுக்க மாமிமாரோடு மனதுக்குள் வாக்குவாதம். எல்லா வாதத்திலும் நானே வென்றேன்.

சனி, நவம்பர் 8

காற்று. புதுச் சப்பாத்து, குதிக்காலில் கடிக்கிறது.

ஆனந்தி அக்காவிடம் போனைத் திரும்ப வாங்கப் போனேன். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றா, இரவுப் பணி முடித்து. போனைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்துத் தந்தா. நாளைக்கு ஞாயிறு என்று நினைவு வந்து, திரும்ப வாங்கி ஒரு படம் எடுத்தா. சிரித்து, தலையைக் கொஞ்சம் சரித்து. வலது படத்தைத் தன் பழைய போனுக்கு அனுப்பினா.

"கடைக்கு எப்ப எண்டு கேட்டனியே?"

கேட்டேன் என்றேன். வசந்தத்தில் வரும். ஆனால் மென்மை இருக்காது, அதை எடுக்கப் போகிறார்கள்.

"ஏன்? ஆர் எடுக்கச் சொன்னது?"

"நான்தான், அக்கா."

கோபப்படவில்லை. பெட்டியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. நான் அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன். அது எங்களை வெள்ளையாக்குது அக்கா, நாங்கள் கறுப்பு எண்டு வெட்கப்படுற மாதிரி, வளருற பிள்ளையள் அதைப் பாத்து... மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பழகியது எல்லாம்.

கேட்டுக்கொண்டே நின்றா. பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பிச் சொன்னா:

"நான் கறுப்பு எண்டு அம்மாவுக்குத் தெரியும் பிள்ளை. களைச்சுப் போனன் எண்டுதான் தெரியாது."