ஐந்து வாரம் வடியாத தண்ணீர்

அத்தை, இன்று காலை குசினியில் அந்தப் பாத்திரம் கழுவும் மெஷினின் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு புளித்த வாடை. நேற்று அடுக்கிய தட்டுகள் பிசுக்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தன. அடியில் சாம்பார் நிறத்தில் தண்ணீர், வடியாமல். இன்று உங்கள் முதல் திவசம். பத்தரை மணிக்குப் படையல். தம்பின் ஊரிலிருந்து உங்கள் மகள் ஒன்பது மணிக்கே வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, உங்கள் மகன் பூ வாங்கப் போயிருந்தார். 'இன்றைக்குத்தானா உனக்கு இந்தக் கேடு' என்று மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. இந்த ஒரு வருடமாக அது இன்னும் மோசம். துணி மடிக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, தொழிற்சாலையில் பழுது தேடிச் சாமான்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போது, எந்நேரமும் ஒரே கேள்வி. அத்தை என் மேல் கோபித்துக்கொண்டுதான் போனாரா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அந்த மெஷினை வாங்கியவள் உங்கள் மருமகள் நான்தான். சுங்கை காடுட் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, மறுபடி பைப்படியில் நிற்க முடியவில்லை. நம் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டிலும் இல்லாத சாமான் என்று உள்ளுக்குள் பெருமையும் இருந்தது. அது வந்து இறங்கிய அன்று நீங்கள் இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"என்னாம்மா இது, மண்டோரு மாரி மூலையில நின்னுக்கிட்டு நம்மளையே பார்க்குது?"

லாபு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர் நீங்கள். நின்று வேலை வாங்கும் மண்டோரின் பார்வை உங்களுக்குத் தெரியாதா? நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அந்த மெஷினை வைத்து நாம் சேர்ந்து சிரித்ததாக நினைவில்லை.

தகராறு எச்சிலில் தொடங்கியது. மெஷின் நிறைந்தால்தான் போடுவேன் என்றேன் நான். பாதிப் பாத்திரத்துக்கு எதற்கு அவ்வளவு தண்ணீரும் கரண்டும்? நம் மூன்று பேர் சாப்பிடும் தட்டுக்கு அது நிறைய இரண்டு நாள் ஆகும். அதுவரை எச்சில் தட்டு உள்ளேயே கிடக்க வேண்டும். உங்களுக்கு அது ஆகவில்லை.

"எச்சில் மங்கு வீட்டுல தங்கக்கூடாதும்மா. சாப்பிட்ட கையோட கழுவிடணும். பூட்டி வெச்சா மட்டும் எச்சில் இல்லன்னு ஆயிடுமா?"

"கதவு சாத்தியிருக்குலா அத்தை. ஒண்ணும் ஆவாது."

"ஒனக்கு ஒண்ணும் ஆவாது. வீட்டுக்கு ஆகும்."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, மெஷின் மக்கர் பண்ணத் தொடங்கியது. தட்டில் வெள்ளையாக ஏதோ படிந்தது. கண்ணாடி டம்ளர் மங்கலானது. பிறகு கதவின் ஓரமாக நுரை வழிந்தது. கடைசியில் தண்ணீரே வடியாமல் நின்றது. நான் தூளை மாற்றினேன், அளவைக் குறைத்தேன், கடைக்காரனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "அக்கா, நீங்க வேற சோப்பு ஏதாச்சும் போடுறீங்களா?" என்று அவன் கேட்டதற்கு, என்னைப் பார்த்தால் மடச்சி மாதிரி இருக்கிறதா என்று கத்தினேன்.

அந்த வாரமே ஒருநாள் தொழிற்சாலையில் கரண்டு போய், எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பின்பக்கமாக வந்தேன். நீங்கள் பைப்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். மெஷினிலிருந்த தட்டு அத்தனையும் வெளியே. தேங்காய் நாரில் பச்சை சோப்பைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசாமல், நுரையோடு, மறுபடி மெஷினில் அடுக்குவதற்கு வாகாக வரிசையாக வைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் திருடி அகப்பட்ட பிள்ளையைப் போல விழித்தீர்கள். பிறகு சமாளித்தீர்கள்.

"அலசறத மட்டும் அதுக்கு உட்டுட்டேன்மா. அதுவும் ஏதாச்சும் வேல செய்ய வேணாமா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன், அத்தை. சத்தியமாகச் சிரித்திருப்பேன். அன்று காலெல்லாம் வலி. கடைக்காரன் முன்னால் அசிங்கப்பட்ட ஆத்திரம் வேறு. இப்படி உட்கார்ந்து தேய்த்து மூட்டு வலி வந்தால் யார் பார்ப்பது என்ற கவலையும் இருந்தது. ஆனால் வாயில் வந்தது கவலை இல்லை.

"சும்மா இருக்கவே தெரியாதா ஒங்களுக்கு? நீங்க கை வைக்காம இருந்தாலே இந்த வீட்டுல எல்லாம் ஒழுங்கா நடக்கும்!"

நீங்கள் கையிலிருந்த தட்டை மட்டும் அலசிக் கவிழ்த்துவிட்டு எழுந்தீர்கள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடிக்க நான் வரவில்லை. மறுநாள் காலை, "தம்பின் போயி ரெண்டு நாளு இருந்துட்டு வரேன்" என்று மகனிடம் சொன்னீர்கள். என்னிடமும் சொன்னீர்கள், முகத்தைப் பார்க்காமல். அந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினீர்கள்.

இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. உங்களைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வீம்பு. முதலில் இந்த மெஷினை ஒரு வழிக்குக் கொண்டு வருகிறேன், பளிச்சென்று கழுவிக் காட்டுகிறேன், பிறகு வரச் சொல்லலாம் என்று இருந்தேன். நான் வாங்கிய சாமான் தோற்றுப்போன வீட்டுக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவது?

அதன் பிறகு அதோடு நான் பட்ட பாடு இருக்கிறதே! வேலை விட்டு வந்ததும் குசினித் தரையில் மல்லாந்துவிடுவேன். முதலில் நின்ற தண்ணீரை டம்ளரால் மொண்டு ஊற்றினேன். உப்பைக் கொட்டி நுரையை அடக்கி, வெறும் தண்ணீரில் மூன்று தடவை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் மொண்டு ஊற்றினேன். அடியிலிருக்கும் சல்லடையைத் திருகி எடுத்தால் கறிவேப்பிலையும் மிளகாய் விதையும் பாசி மாதிரி. பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரை போயிற்று. ஆனாலும் தட்டில் பிசுக்கு போகவில்லை. தண்ணீர் பீய்ச்சுகிற கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓட்டைக்கு ஓட்டை கடுகு! அளந்து செய்த மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு கடுகு. ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். நம் தாளிப்புக்கு என்று யாராவது இந்த மெஷினைச் செய்திருந்தால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருப்பான்.

அப்போதும் தண்ணீர் வடியவில்லை. பின்னால் போகும் குழாயைக் கழற்றி ஊதினேன். அடைப்பு இல்லை. உங்கள் மகன் வாசலில் நின்று, "வுட்டுத் தொலையேன், கையாலயே கழுவிக்கலாம்" என்றார். "பேசாம போங்க" என்று எரிந்து விழுந்தேன். பகலில் தொழிற்சாலைச் சாமானைப் பார்க்கும்போதும் கண்ணுக்குள் அந்தத் தண்ணீர்தான் நின்றது.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை, சல்லடைக்கும் கீழே ஒரு சின்ன மூடி இருப்பதைப் பார்த்தேன். நெம்பித் திறந்து விரலை விட்டால் குட்டிக் காற்றாடி ஒன்று. அது சுற்றினால்தான் தண்ணீர் வெளியே போகும். சுற்ற முடியாமல் அதில் நூல் நூலாக ஏதோ சுற்றிக் கிடந்தது. இழுத்து எடுத்தேன். தேங்காய் நார், அத்தை. நீங்கள் தேய்த்த நார். கோபம் வரவில்லை எனக்கு. தரையிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதேன். பிறகு மூடியைப் போட்டு ஓடவிட்டேன். கொடகொடவென்று தண்ணீர் மொத்தமும் இறங்கிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தம்பின் போய் உங்களைக் கூட்டி வரலாம் என்று உங்கள் மகனிடம் சொன்னேன். சனிக்கிழமை எனக்கு வேலை. பத்து மணி வாக்கில் சூப்பர்வைசர் வந்து, வீட்டிலிருந்து போன் என்றார். கோப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே போய்விட்டீர்களாம்.

இன்றைய கோளாறு ஒன்றுமில்லை. படையலுக்கு இடம் ஒதுக்க உங்கள் மகன் மெஷினைச் சுவரோடு தள்ளியிருக்கிறார், பின்னால் குழாய் மடங்கிவிட்டது. இழுத்து நிமிர்த்தினேன், ஐந்து நிமிடத்தில் வடிந்தது. படையல் நல்லபடியாக நடந்தது. உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்தோம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் உங்கள் மகளான அக்கா பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போனார். 'வைங்கக்கா, மெஷின்ல போடலாம்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அவர் தேய்க்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அலசினேன். ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, அத்தைக்கு எம்மேல கோவமா?"

அக்கா சட்டென்று திரும்பினார். "கோவமா? யாரு சொன்னா? கோவம்னா ஏன் அந்தப் பைய பிரிக்காமயே வெச்சிருந்தாங்க? நானும் பீரோவுல இடம் குடுத்துப் பார்த்தேன். 'இருக்கட்டும்லா, கூப்பிட்டா ஒடனே கெளம்பணும்'னுவாங்க. தம்பி போன் பண்ணா போதும், வேற ஒண்ணும் பேச்சே கெடையாது. 'மெஷினு ஓடுதாப்பா?' அதே கேள்விதான்."

"அவரும் சொல்வாருக்கா. அத்தை குத்திக் காட்டுறாங்கன்னு நெனச்சேன்."

"ஐயோ, ஒன் புத்தி போவுதே! அது ஓடலன்னாத்தான ஒங்களுக்கு ஆளு வேணும். 'பாவம், வேலைக்குப் போற புள்ள, கஷ்டப்படும், நான் போறேன்'னு வந்துடலாம் பாரு. மான ரோசத்தோட வர்றதுக்கு ஒரு சாக்கு வேணாமா? தம்பி என்னான்னா ஒவ்வொரு தடவையும் 'நல்லா ஓடுதும்மா'ங்கறான். 'அப்ப சரி'ன்னு வெச்சிட்டுப் போயி படுத்துக்குவாங்க."

அக்கா அடுத்த பாத்திரத்தை எடுத்தார். என் கையிலிருந்த தட்டின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அப்படிச் சொல்லும்படி உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான் என்று அக்காவுக்குத் தெரியாது. அவர் போனில் பேசும்போதெல்லாம் நான் தரையில் படுத்தபடியே, கை நிறைய அழுக்கோடு, 'நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க' என்று கண்ணைக் காட்டுவேன். அவரும் சொல்வார். பக்கத்தில் டம்ளரும் வாளியும் இருக்கும்.

அக்காவிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அது ஓடவில்லை, அத்தை. நீங்கள் கேட்ட ஒரு நாள்கூட அது ஓடவில்லை.