மண்டியிட்டால் எழ வேண்டும்

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆட்டுத் திருட்டு வழக்கு இன்றும் முடியவில்லை. "கண்ணால பாத்தியா?" என்று நீதிபதி கேட்டார். "ஊரே சொல்லுதுங்க ஐயா" என்றார் சாட்சி. எழுத வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார் நீதிபதி. முக்கோனோ நீதிமன்றத்தில் இத்தனை வருடம் எழுத்தராக இருந்துவிட்டேன். ஊர் சொன்னதை எழுதாமல் விடுவதே இங்கே பாதி வேலை.

மாலையில் மருத்துவமனை. முழங்காலுக்கு ஊசி போடுவார்கள் என்று நினைத்துப் போனால் எடை பார்க்க ஏற்றினார்கள். தொண்ணூற்றேழு கிலோ. "முழங்கால் மேல கோவப்படாதீங்கம்மா, அது தூக்குற சுமையப் பாருங்க" என்று சொல்லி, உணவு ஆலோசனை அறைக்கு அனுப்பிவிட்டார் மருத்துவர்.

எனக்கு அவசரம். டிசம்பர் 2-ஆம் தேதி அண்ணன் எரிசா வீட்டில் அவர் மகள் மிரெம்பேயின் குவாஞ்சூலா. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் கேட்கும் நாள். அத்தை நான்தான் எல்லார் முன்பும் மண்டியிட்டு வரவேற்க வேண்டும். வந்திருக்கும் ஆண்களுக்கு நடுவே மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பூக் குத்தி, அண்ணன் முன்னால் மறுபடி மண்டியிட்டு "இவர்தான்" என்று சொல்ல வேண்டும். மூன்று வயதில் தாயை இழந்த பெண், என் கையில் வளர்ந்தவள். இதை வேறு ஒருத்தி செய்ய நான் உட்கார்ந்து பார்ப்பதா?

பெண்கள் மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வது எங்கள் வழக்கம். ஈஸ்டர் சமயம் ஒரு துக்க வீட்டில் அப்படி மண்டியிட்டவள் எழ முடியவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். துக்க வீட்டிலும் சிலருக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு இறங்காமலே எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்திருக்கிறது. பரவாயில்லை, திமிருக்கு முழங்கால் வலிக்காது.

ஆகஸ்ட் 16

ஆலோசனை அறையில் இருப்பவர் நர்ஸ் அப்பியோ. எங்கள் நாட்டு வடக்குப் பக்கத்துப் பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "தட்டுல பாதி கீரை. அவரைக்கொட்டை நல்லா ரெண்டு கரண்டி. மத்தோக்கே உங்க முஷ்டி அளவு. டீயில சர்க்கரை வேண்டாம். ராத்திரி தூங்குங்க. அவ்ளோதான்."

முஷ்டி அளவு! எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு என்றாலே மத்தோக்கேதான். இலையில் பொதிந்து அவித்து மசித்த அந்த வாழைக்காய்தான் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. முஷ்டி அளவு தின்றவளைச் சாப்பிட்டவள் என்று எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆகஸ்ட் 18

தட்டச்சு செய்யும் வஸ்வாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் நீதிமன்றம் முழுவதும் மருத்துவர்கள். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கொழுப்பு உருகும். ஆறு மணிக்கு மேல் தின்றதெல்லாம் இடுப்பில் போய் உட்காரும். வெண்ணெய்ப் பழத்தைத் தொடவே கூடாது. வயிற்றை இறுக்கிக் கட்டினால் பசி வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும். அப்புறம், மத்தோக்கே குண்டாக்காதாம். அது வெறும் தண்ணியாம்.

"இப்படிச் செஞ்சு யாரு இளைச்சா வஸ்வா?"

"என் மச்சினியோட தோழி ஒருத்தி."

"நீ பாத்தியா?"

"மச்சினி பாத்திருக்கா."

தள்ளுபடி.

ஆகஸ்ட் 24

தள்ளுபடி என்று எழுதினவள்தான் சந்தையில் போய் 'இளைப்பு மூலிகைத் தேநீர்' பொட்டலம் வாங்கி வந்தேன். இன்று நீதிபதி தீர்ப்பு வாசிக்கும்போது நடுவில் எழுந்து ஓடினேன். நான் எழுந்ததைப் பார்த்து நீதிபதி முடித்துவிட்டார் என்று நினைத்துச் சபை முழுவதும் எழுந்து நின்றதாம். திரும்பி வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுல போறது தண்ணிதான், கொழுப்பு இல்ல" என்றார் அப்பியோ. சிரிக்காமல்தான் சொன்னார். அதுவே பெரிய உபகாரம்.

செப்டம்பர் 4

பகல் முழுவதும் பட்டினி கிடந்தால் சீக்கிரம் குறையும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் மாலை, பேருந்து நிறுத்தத்தில் முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டி விற்பவனிடம் ஒன்று, அது உள்ளே போவதற்குள் இன்னொன்று. பிறகு வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு.

அப்பியோ: "பகல்ல பூட்டி வெச்ச பசி, சாயங்காலம் கதவ உடைச்சிட்டுதான் வரும். காலையில முட்டையும் அவரையும் தின்னுங்க. அது நின்னு வேலை செய்யும்."

செப்டம்பர் 12

பசியை ஒரு சாட்சி மாதிரி விசாரித்துப் பார்க்கிறேன். காலையில் அவரை தின்ற நாளில் மதியம் வரை தலைகாட்டுவதில்லை. நாலு மணிக்கு ஒன்று வரும், பெரும்பாலும் பொய்ச் சாட்சி. "இப்போ வெறும் அவிச்ச அவரை குடுத்தா தின்பியா?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது. அதற்கு வேண்டியது எதிர்க் கடை எண்ணெயில் பொரியும் மண்டாசிப் பணியாரம்தான். தண்ணீர் குடித்துவிட்டு ஒரு கோப்பு முடிப்பதற்குள் போய்விடுகிறது. மெய்யான பசி போகாது, உட்கார்ந்திருக்கும். அதற்குத் தின்னக் கொடுத்துவிட வேண்டியதுதான். வெண்ணெய்ப் பழத்தில் பாதி கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

தொண்ணூற்றொன்று.

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். என் கொமேசி உடையின் இடுப்புத் துணி இன்னொரு சுற்று சுற்றி வருகிறது. அண்ணன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட அண்ணி ரொபினா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்தெலும்பு தெரியுதே நோரா" என்றார். அண்ணன் கரண்டியை எடுத்தார். என் தட்டில் மத்தோக்கேயை மலையாக வைத்தார். முஷ்டி அளவு ஒதுக்கித் தின்றேன். மிச்சத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 5

அண்ணன் வீட்டிலிருந்து தினமும் அலுவலகத்துக்குச் சாப்பாடு வருகிறது, வாழையிலைப் பொட்டலத்தில், சுடச் சுட. வேர்க்கடலைக் குழம்பு தனியாக. வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் பெரிய அவமானம். வாசல் காவலருக்குக் கொடுக்கிறேன். அவர் பருத்துக்கொண்டு வருகிறார். "அம்மா நல்லா இருக்கணும்" என்று வாழ்த்துகிறார்.

அக்டோபர் 19

தக்காளிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க அக்கா. இப்பல்லாம் பயமில்ல" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் புரிந்தது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இளைப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. என்று யார் சொன்னார்கள்? 'மெலிவு' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. இப்போது மருந்து இருக்கிறது. அந்த நோயோடு வாழ்கிறவர்கள் என்னைவிடப் புஷ்டியாக அலுவலகம் போய் வருகிறார்கள். ஆனால் பார்க்கிற கண் பழைய கண்தான்.

அக்டோபர் 29, ஞாயிறு

அண்ணன் வீட்டில் கூட்டம். குவாஞ்சூலாவுக்கு அத்தையாகச் சித்தப்பா மகள் எடிசா நிற்பாளாம்.

"நீ ஓய்வெடு நோரா. அன்னைக்கு முழுசும் நிக்கணும், குனியணும். உன்னால..." என்று ஆரம்பித்த அண்ணன் முடிக்கவில்லை. நான் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்காலுக்காக இளைக்கிறேன் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரு காரணம் சொன்னார்கள் — மலேரியா, குடல்புண், சூனியம். எனக்கு முழங்கால்.

வெளியே வந்ததும் அண்ணி காதோடு சொன்னார்: "ஒரு ரத்தச் சோதனை பண்ணி அந்தத் தாளக் காமிச்சிடேன். வாய் மூடிரும்."

காட்டமாட்டேன். தாளைக் காட்டிச் சுத்தம் என்று நிரூபிப்பதென்றால், தாள் காட்ட முடியாதவர்களெல்லாம் அசுத்தம் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

மிரெம்பே அழுதாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான்... ஏன் அண்ணா, உன் பொண்ணுக்குத் தலை பின்னினது யாரு? அவளுக்குக் காய்ச்சல்னா உக்காந்திருந்தது யாரு? எடிசாவா? எடிசாவுக்கு அவ பிறந்த மாசமாவது தெரியுமா? நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டீங்களா?

நவம்பர் 6

ஒரு வாரம் எழுதவில்லை. தின்றேன். காவலருக்குப் பொட்டலம் கிடைக்கவில்லை.

நவம்பர் 8

எல்லாம் போச்சு என்று அப்பியோவிடம் சொன்னேன். ஏற்றிப் பார்த்தார். "ஒண்ணரை கிலோ. அதுல பாதி உப்பும் தண்ணியும். ஒரு வாரம் தின்னதுக்கு ஒரு வாரம் போதும்." அவ்வளவுதானா? நான் பெரிய பாவம் என்று சுமந்துகொண்டு போயிருந்தேன்.

சடங்கில்தான் நான் இல்லையே, இனி எதற்கு இளைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"படியேறும்போது வலி எப்படியிருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாளாக நீதிமன்றப் படியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

அண்ணன் தனியாக வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஆள் இல்லை. சமையலறையில் இருந்தேன். கூடத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ நாள் சொல்லியிருக்காங்க?" என்றார். "என்கிட்ட மட்டும் சொல்லு."

அவர் கையைப் பார்த்தேன். மிரெம்பேயின் அம்மாவை அந்தக் கைதான் தூக்கிக் குளிப்பாட்டியது, கடைசியில் ஒரு குழந்தையின் எடை. எங்கள் தம்பி சாமுலாவையும் அதே கைதான். இரண்டு பேரும் முதலில் 'கொஞ்சம் இளைத்தார்கள்'. இத்தனை மாதமாக ஊர் வாயை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். ஊர் பேசியது. அண்ணன் பயந்தார். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டது என் தப்பு.

பதில் சொன்னால் நம்பமாட்டார். எப்போதும் போல நாற்காலியில் உட்காராமல், அவர் முன்னால் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி மண்டியிட்டேன். கை குவித்து, அவர் நலம், வீட்டு நலம், வழி நலம் என்று ஒன்றையும் சுருக்காமல் விசாரித்து முழு வணக்கமும் சொன்னேன். அவரும் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பதில் முனகினார். பிறகு எழுந்தேன். எதையும் பிடிக்காமல்.

அவர் என்னையே பார்த்தார். "இன்னொரு தடவ" என்றார்.

மறுபடி மண்டியிட்டு எழுந்தேன்.

"இன்னொரு..."

"அண்ணா, முழங்கால் இரும்பில்ல."

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அது அழுகையாகிவிட்டது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். "சாகப்போறவங்களால எந்திரிக்க முடியாது நோரா. எனக்குத் தெரியும்" என்றார். நானும் அழுதேன். எழுதுவதற்கென்ன வெட்கம், அழுதேன்.

போகும்போது வாசலில் நின்று, "எடிசாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

டிசம்பர் 3, ஞாயிறு

நேற்று நடந்து முடிந்தது. மழை இல்லை. மாப்பிள்ளை வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருந்தான், கண்டுபிடித்துப் பூக் குத்தினேன். எத்தனை தடவை மண்டியிட்டேன் என்று எண்ணவில்லை. சாயங்காலம் முழங்கால் வீங்கித்தான் விட்டது, ஆனால் ஒருவரும் என்னைத் தூக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் வெட்கக்கேடு. நான் அண்ணன் முன்னால் மண்டியிட்டு எழுந்ததும் அவர் ஒலிவாங்கியை வாங்கி, இருநூறு பேருக்கும் கேட்க, "இது என் தங்கச்சி. முழங்காலுக்காக இளைச்சிருக்கா. வேற ஏதாவது பேசினவங்க இப்ப பேசலாம்" என்றார். எனக்கு மறுபடி மண்டியிட்டு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

விருந்தின்போது மூன்று பெண்கள் என்னை ஓரம் கட்டினார்கள். மருந்து என்ன என்று கேட்டார்கள். அவரை, கீரை, தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்றாள் ஒருத்தி.

டிசம்பர் 14

எண்பத்தேழு. பண்டிகைக்குள் இன்னும் குறையும் என்ற ஆசையெல்லாம் இல்லை.

மருத்துவமனைக்கு அண்ணனும் துணைக்கு வந்தார். சும்மா துணைக்குத்தான் என்று வழியெல்லாம் சொன்னார். அப்பியோ பேச்சுக் கொடுத்தே அவரை ஏற்றிவிட்டார். காலணி, கோட்டு, இடுப்பு வார் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தும் நூற்றாறு. எந்திரம் கெட்டிருக்கிறது என்றார் அண்ணன். சர்க்கரையும் பார்த்துவிடலாம் என்றார் அப்பியோ. அதற்கு அவர் விரலை நீட்டினார்.

திரும்பும் வழியில் சுட்ட சோளக்கதிர் ஒன்று வாங்கினார். சண்டைக் காலத்தில் லுவேரோ காட்டில் நாங்கள் ஒளிந்திருந்த நாளிலிருந்து அவர் எதை உடைத்தாலும் பெரிய பாதி எனக்குத்தான். இன்றும் உடைத்தார். பெரிய பாதியை என் பக்கம் நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு அதை மறுபடி இரண்டாக உடைத்து, முஷ்டி அளவு துண்டை என் கையில் வைத்தார்.

போதுமாயிருந்தது.